ஆய்வருக்குப் போர்த்திய பொன்னாடை

காற்றாலையை நான் படங்களில் மட்டுமே கண்டிருக்கிறேன். மலேசியாவில் எங்கள் நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டங்களில் உச்சி இலை அசைவதே அரிது. ஆயினும் லிங்கிக்கு அருகே, ஒருகாலத்தில் ரப்பர்த் தாள்களுக்குப் புகையூட்டிய கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, என் தம்பி மகள் காற்றாலைக்குரிய பொருளொன்றைச் செய்யத் தொடங்கினாள். கோபுரத்தின் உட்புறம் பணியாளர் ஏறும் ஏணியைச் சுவரோடு பிணைக்கும் இரும்புத் தாங்கி அது.

அவளுடைய தாங்கிகள் கிள்ளான் பக்கத்து நிறுவனமொன்றில் ஏணியோடு சேரும். ஏணி கப்பலேறிக் கோபுரம் செய்வோரை அடையும். கோபுரம் அயல்நாட்டுக் கடலொன்றில் நிற்கும். அந்நிறுவனத்துக்கு நேரடியாகப் பொருள் வழங்க வேண்டுமெனில், அதன் ஆய்வர் நேரில் வந்து தொழிற்கூடத்தைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அதுவரை செய்துவந்த வாயிற்கதவு வேலைகளையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒப்புதலுக்காகவே அவள் உழைத்திருந்தாள்.

ஆய்வு நாளை அவள் தொலைபேசியில் பேச்சுவாக்கில் சொன்னாள். என்னை அழைக்கவில்லை. ஆனாலும் சென்றேன், வழியில் ராசா கடைத்தெருவில் ஒரு பொன்னாடையும் வாங்கிக்கொண்டு சென்றேன். வந்தவரைச் சிறப்பிக்காமல் ஒரு நிகழ்வைத் தொடங்குவது எங்கள் தமிழ்ச் சங்கத்தில் வழக்கமில்லை. இது நிகழ்வன்று, ஆய்வு என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஆய்வர் ஈப்போவைச் சேர்ந்த தமிழ் இளைஞர். பொன்னாடையை விரித்ததும் ஓரடி பின்வாங்கினார்.

"ரொம்ப நன்றி ஐயா. ஆனா வேணாம் லா. எதையும் வாங்கக்கூடாது, கம்பெனி ரூல்ஸ்."

"இது பரிசன்று தம்பி, மரியாதை. மரியாதையை மறுப்பது தமிழ்ப் பண்பா?"

"பெரியப்பா, விடுங்க லா," என்றாள் தம்பி மகள், பல்லைக் கடித்துக்கொண்டு. "அவரு வேலையப் பார்க்கட்டும்."

நான் விடவில்லை. முதியவரின் கையைத் தட்டிவிட மனமின்றி அவர் கழுத்தைத் தாழ்த்தினார். இரும்பைப் பற்றவைக்கும் தொழிலாளி முகக்கவசத்தைத் தூக்கிவிட்டு, "பாஸ், மாப்பிள்ளை கணக்கா இருக்கீங்க! பொண்ணத்தான் காணோம்!" என்றார். எல்லாரும் சிரித்த அந்தக் கணத்தில், நான் முன்னரே சொல்லிவைத்திருந்த பணியாளர் என் கைப்பேசியில் படமெடுத்தார். ஆய்வர் உடனே பொன்னாடையைக் கழற்றி, மடித்து, என்னிடமே தந்துவிட்டார். அதைக் கவனியாதவன்போல் நான் வரவேற்புரையைத் தொடங்கினேன்.

ஆய்வர் தொழிற்கூடத்தைப் பார்த்தவரையில் குறையேதும் சொல்லவில்லை. நான் மகிழ்ச்சி மிகுதியில் அன்று மாலையே படத்தைச் சங்கத்தின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் இட்டு, 'காற்றாலைத் துறையில் நம் தமிழ்ப்பெண். ஆய்வருக்குச் சிறப்புச் செய்தோம்' என்று எழுதினேன். வாழ்த்துகள் குவிந்தன. கைமாறிக் கைமாறி அப்படம் அவருடைய அலுவலகத்தையும் எட்டியது.

பொன்னாடையைத் திருப்பித் தந்ததை அவர் அங்கே விளக்கியிருக்கிறார். அவர்மீது பிழையில்லை என்றனர். ஆனால் அந்த ஆய்வு செல்லாது என்றும் கூறிவிட்டனர். மறுஆய்வுக்குக் காத்திருக்க நிறுவனத்துக்கு நேரமில்லாததால், முன்பே ஒப்புதல் பெற்றிருந்த அம்பாங்கான் ஊர்த் தொழிற்கூடமொன்றுக்கு வேலை போயிற்று. அதன் உரிமையாளர் தாங்கிகளைத் தம்பி மகளிடமே செய்யச் சொன்னார். அதே தாங்கி, அதே கைகள். முத்திரை மட்டும் அவருடையது. நேரடி வழங்குநராக வேண்டியவள் ஒரு படி கீழே இறங்கினாள்.

அப்படத்தை இப்போது பார்க்கையில் உடல் கூசுகிறது. நடுவில் நிற்பவன் நான். அவள் ஓரத்தில் பாதியளவே தெரிகிறாள்.

மன்னிப்புக் கேட்க ஒருநாள் சென்றேன். சொற்களை வழியெல்லாம் செப்பம் செய்து வைத்திருந்தேன். அவள் அம்பாங்கானுக்கு அனுப்பவேண்டிய தாங்கிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என் அறியாமையால் உனக்கு நேர்ந்த இழப்பு..."

"பெரியப்பா," என்றாள் நிமிராமலே, "பேச்சு வேணாம் லா. லோரி வந்துருச்சு. அந்தப் பக்கம் பிடிங்க, தூக்குவோம்."

பிடித்தேன். பெட்டி நான் எண்ணியதைவிடக் கனத்தது. நடுவழியில் எனக்கு மூச்சிரைத்தது. அவள் தன் பக்கத்தை இன்னும் உயர்த்திப் பாரத்தின் பெரும்பகுதியைத் தானே ஏற்றுக்கொண்டாள்.