வீரராகவன் எந்தப் பக்கம்?

“அப்டி ஒரே அடியா சொல்லாத வேம்புலி. ஒரு மனுசன் பாதி மேட்ச்ல எழுந்து போனான்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே வீரராகவன் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். நகர்ந்து கொடுத்தால்தான் இன்னொருவர் வந்து உட்காருவார். உட்கார்ந்தவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார், மேனேஜரைத் திட்டுவார். உடனே இவர் பரிந்துகொண்டு வருவார். ஆறு மணிக்கு ஆரம்பித்தால் எட்டு வரை கவலையில்லை.

கோவில்பதாகை மைதானத்தை ஒட்டிய நாகம்மா டீக்கடையில்தான் இந்தச் சபை. கோவில்பதாகை ஸ்டார்ஸ் கால்பந்துக் குழுவின் ரசிகர்கள், சங்க உறுப்பினர்கள், எல்லாம் இந்தப் பதினோரு பேர்தான். குழுவுக்கு மேனேஜர் பாண்டியன். போன மாதம் கள்ளிக்குப்பம் அணியோடு ஆட்டம். நம் பக்கம் இரண்டு கோல் வாங்கித் திணறிக்கொண்டிருந்தபோது, முடிய இருபது நிமிஷம் இருக்கையில், பாண்டியன் பைக்கை உதைத்துக்கொண்டு போயே போய்விட்டார். ஏன் போனார் என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. அடடா, கேட்டுவிட்டால் அப்புறம் பேசுவதற்கு என்ன இருக்கிறது!

ஆட்டோ ஓட்டும் வேம்புலிதான் சங்கத்துக்குச் செயலாளர். பாண்டியனுக்குக் குழு மேல் பாசமே கிடையாது என்பது அவன் கட்சி. ஜெயிக்கும்போது தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்பவன், தோற்கும்போதும் கூட நிற்க வேண்டாமா என்பான். நியாயமான கேள்விதான். ஆனால் வீரராகவன் விடுவாரா? மழையில் நனைந்துகொண்டு பையன்களுக்குப் பயிற்சி கொடுத்த கதை, செம்பரம்பாக்கத்தில் கால் பிசகிய பையனை முதுகில் சுமந்துகொண்டு வந்த கதை எல்லாவற்றையும் எடுத்து விடுவார். தேதி, கோல் எண்ணிக்கை, யார் அடித்தது, எத்தனையாவது நிமிஷம், எல்லாம் அவர் நாக்கு நுனியில் இருக்கும்.

ஒரு நாள் வேம்புலியே இறங்கி வந்துவிட்டான். “நீ சொல்றதும் கரீட்டுதான் அண்ணாத்தே. நல்ல மனுசன்தான் போல” என்றான். வீரராகவன் முகத்தில் ஈயாடவில்லை. கிளாஸைக் கீழே வைத்தார். கோல்கீப்பர் பையனைப் பாண்டியன் அத்தனை பேர் முன்னால் மரியாதை இல்லாமல் பேசினானே, அது மனுசன் செய்கிற வேலையா என்று அந்தப் பக்கம் தாவினார். வேம்புலி வாயைப் பிளந்தான். அன்றைக்கு எல்லாரும் கிளம்ப எட்டேகால் ஆயிற்று.

ஆள் ஒத்துப்போனால் போதும், வீரராகவன் எதிர்ப்பக்கம் போய்விடுவார். ஒத்துப்போனவர்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள், அதுதான் காரணம். அவருக்கும் வீடு இருக்கிறது. படைக்கலத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இரண்டு அறை. அங்கே ஒரு ஆள், ஒரு தட்டு. மகள் லாவண்யாவுக்குக் குழந்தை பிறந்ததும் ஓசூருக்குத் துணைக்குப் போன மனைவி தாட்சாயிணி, மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுப் போனவள், இரண்டு வருஷமாக அங்கேயே இருக்கிறாள். சண்டை ஒன்றும் இல்லை. தினம் போன் வருகிறது. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, குழந்தை அழுகிறது, வைக்கிறேன். அவ்வளவுதான். வேலையில் நாள் முழுக்க இயந்திரச் சத்தம், அதற்கு நடுவே யார் பேச முடியும்? பேச்சு என்று அந்த மனுஷனுக்கு இருப்பது இந்த இரண்டு மணி நேரம். அது இல்லாவிட்டால் செத்துப்போய்விடுவோம் என்றுகூட அவருக்குத் தோன்றியதுண்டு. வெளியே சொன்னதில்லை.

மூன்று வாரமாகத் தள்ளிப்போட்ட வாக்கெடுப்பு இந்த ஞாயிற்றுக்கிழமை வந்தே விட்டது. பாண்டியன் இருக்கட்டுமா, போகட்டுமா? கை தூக்க வேண்டியதுதான். வேம்புலி நோட்டும் பேனாவுமாக நின்றான். இந்தப் பஞ்சாயத்து முடிந்ததும் சாயங்காலச் சவாரிக்குப் போகப் போவதாகவும், இனி மாதம் ஒரு முறை கூடினால் போதும் என்றும் முன்னாடியே சொல்லிவிட்டான். மற்றவர்கள் அப்பாடா என்று தலையாட்டினார்கள்.

இருக்கட்டும் என்று ஐந்து கை. போகட்டும் என்று ஐந்து கை. இரண்டிலும் சேராத பதினோராவது ஆளை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பாண்டியன் நல்லவனா, கெட்டவனா? இரண்டையும் மாறி மாறிப் பேசியதில் தான் எதை நம்புகிறோம் என்பதே வீரராகவனுக்குத் தெரியாமல் போயிருந்தது. எந்தப் பக்கம் தூக்கினாலும் நாளைக்கு இந்தப் பெஞ்சு காலி என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

“அடுத்த வாரம் வச்சிக்கலாமே” என்றார்.

வேம்புலிக்கு அலுத்துவிட்டது. “மூணு வாரமா இதையேதான் சொல்லிக்கினு கீறே. உனுக்கு இன்னாதான் வோணும் அண்ணாத்தே?”

கடைக்குள்ளிருந்து நாகம்மா, ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலையுங்க சார், பாத்திரம் கழுவணும் என்றாள். யாரோ செருப்பை மாட்டினார்கள். ஒரு பைக் கிளம்பியது. நீ தூக்காவிட்டால் போ, குழுவை நடத்துகிற கமிட்டியே முடிவு பண்ணிக்கொள்ளட்டும் என்று வேம்புலி நோட்டை மூடி ஆட்டோ பக்கம் திரும்பினான்.

அப்போது வீரராகவனின் வலது கை எழுந்தது. வேம்புலி அதைப் பார்த்துவிட்டு அவசரமாக நோட்டைப் பிரித்தான். “சொல்லு. வோணுமா, வோணாமா?”

தோள் வரைக்கும் போகாமல் அந்தக் கை முன்னால் நீண்டு, வேம்புலியின் காக்கிச் சட்டை நுனியைப் பிடித்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீரராகவன் தலை குனிந்திருந்தார். விடவில்லை.