குளத்துக்கு இந்தப் பக்கம்

“இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா? ஒண்ணா, ரெண்டா?” என் மூக்கின்மேல் இரும்புச் சட்டத்தை மாட்டிவிட்டு, வில்லைகளை மாற்றி மாற்றிப் போடுகிறார் கண்ணாடிக் கடைக்காரர். இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது என்றால் விடமாட்டார். “நல்லா பாருங்க சார். ஏதாவது ஒண்ணைச் சொல்லித்தான் ஆகணும்.” ஊரையெல்லாம் இப்படி முடிவெடுக்க வைக்கிற மனிதருக்குத் தன் காரியம் என்று வந்தால் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

ஐம்பத்திரண்டு வயது. கடையின் பின்னறையில், வில்லை தேய்க்கும் இயந்திரத்தின் பக்கத்தில் கோல்ஃப் மட்டைப் பை சாய்ந்திருக்கும். ஆள் வராத நேரத்தில் தரைவிரிப்பின்மேல் பந்தை உருட்டிக் காபிக் கோப்பைக்குள் தள்ளிப் பழகுவார். ஞாயிறு விடிந்தால் மைதானம்தான். கெட்டிக்கார ஆட்டக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்து வருடமாகக் கூட ஆடுகிறேன்.

அவருக்கு வினை ஏழாவது குழி. பந்தை அடிக்கும் இடத்துக்கும் குழிக்கும் நடுவே ஒரு குளம். அடி சுத்தமாக விழுந்தால் ஒரே வீச்சில் தாண்டிவிடலாம். இல்லை, இக்கரையிலேயே பந்தைப் பதமாக நிறுத்தி அடுத்த அடியில் தாண்டலாம். இவர் நீள மட்டையை எடுப்பார், வைப்பார், குட்டை மட்டையைத் தொடுவார், கடைசியில் நீளத்தையே எடுத்து ஓங்கிவிடுவார். அடித்த கையோடு கண்ணாடியைக் கழற்றிவிடுவார். “விழுறதை நான் எதுக்கு சார் பாக்கணும்? சத்தம் வந்தா தெரிஞ்சிட்டுப் போகுது.” சத்தம் வரும். “எனக்குத் தண்ணியில கண்டம்” என்பார். ஒரே ஒரு வருடம், ஒரு போட்டியில், தாண்டியது. அந்தக் கதையை வாடிக்கையாளர் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

தனியாக ஆடும்போது எப்படியோ போகட்டும். வருடத்துக்கொரு முறை ஜோடிப் போட்டி வரும். ஜோடிக்கு ஒரே பந்து. ஆளுக்கு ஓர் அடியாக மாறி மாறி அடிக்க வேண்டும். இவருக்கு ஜோடி இவர் மனைவி, கணக்கு டீச்சர். அடி குட்டை, ஆனால் நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும். டீச்சர் இந்த வருடம் கறாராகச் சொல்லிவிட்டார்: “ஒம்பது வருஷம் பொறுத்தாச்சு. இந்தத் தடவையும் குளத்துல போட்டீங்கன்னா, அடுத்த வருஷம் நான் எங்கண்ணனோட ஆடிக்கிறேன்.” அண்ணன் பல் டாக்டர், சிந்தாமல் சிதறாமல் ஆடுகிறவர்.

மனிதர் ஆடிப்போய்விட்டார். போட்டிக்கு முதல் நாள் என் கண்ணாடிக் காம்பை முறுக்கியபடியே கேட்டார்: “அவ இல்லாம அங்க போய் நான் என்ன சார் பண்றது? நிதானமா ஆடட்டுமா, துணிஞ்சு அடிச்சிடட்டுமா? ஒண்ணா, ரெண்டா?”

“நிதானம்தான்” என்றேன். சொல்ல எனக்கென்ன, வாயா வலிக்கிறது?

எண்ணிக்கை குறிக்கிறவனாக நானும் கூடப் போனேன். ஏழாவது குழியில் எப்போதும்போல் முதல் அடி இவருடையது. குட்டை மட்டையை எடுத்தார். பந்து அழகாகப் போய்க் குளத்துக்குப் பத்தடி முன்னால் நின்றது. கண்ணாடியைக் கழற்றவே இல்லை. “பாத்தியா, நின்னுடுச்சு” என்று பூரித்துக்கொண்டே கரைக்கு நடந்தார்.

கரையில்தான் எல்லோருக்கும் உறைத்தது. அடுத்த அடி டீச்சருடையது. இத்தனை வருடமும் இவர் அடித்தது தண்ணீரில் விழும். எங்கள் மைதானத்து விதிப்படி ஓர் அடி அபராதத்தோடு அக்கரையில் வேறு பந்தை வைத்து டீச்சர் தொடர்வார். இவர் தாண்டிய வருடமும் டீச்சர் அடித்தது அக்கரையிலிருந்துதான். மற்ற நாளெல்லாம் அவருக்குப் பயிற்சித் திடலோடு சரி. அந்தக் குளத்தைத் தாண்டி அவர் ஒருமுறைகூட அடித்ததில்லை.

“என்னங்க, இதை நானா தாண்டணும்?”

“ஆமா… இல்ல, நீ கேட்டபடி நிதானமாத்தானே ஆடினேன்?” கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். “என்ன சார் இது? நான் நிதானமா ஆடினா ஆபத்து இவ தலையிலயா விடியும்? அப்ப இத்தனை வருஷம் நான் ஆடினதுக்கு என்ன பேரு?”

நேற்று அவ்வளவு சுலபமாகச் சொன்னவன், எண்ணிக்கை அட்டையைப் புரட்டிக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது.

டீச்சர் அடித்தார். நேரான அடிதான், தூரம் போதவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்த கடைக்காரர் சத்தத்தைக் கேட்டார்.

“தப்பு என்னோடதுதான். உன்னை இங்க கொண்டுவந்து நிறுத்தியிருக்கக் கூடாது” என்றார். “அடுத்த வருஷம் உங்கண்ணனோடயே ஆடு.”

“அடுத்த வருஷம் நீள மட்டையையே எடுங்க” என்ற டீச்சர், அவர் கையிலிருந்து கண்ணாடியை வாங்கி, தன் சட்டைக் கைநுனியால் இரண்டு பக்கமும் துடைத்து, காதுகளில் சரியாக உட்காரும்படி அவர் முகத்தில் மாட்டிவிட்டார்.