விழுந்த பல்லில் சொத்தை

நான் பல்லைப் பார்த்து எண் சொல்வேன். கூட வேலை பார்க்கும் அக்கா அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதுவார். பூஜ்யம் என்றால் நல்ல பல், ஒன்று என்றால் சொத்தை. பொன்முடி எஸ்டேட் பள்ளி வராந்தாவில், பனி விலகாத காலையில், "பூஜ்யம், பூஜ்யம், ஒண்ணு" என்று அவர் குரல் ஓடிக்கொண்டே இருக்கும். பிள்ளைகளின் பல் சொத்தையைக் கணக்கெடுக்கும் ஆய்வில் நான் பரிசோதகன், அவர் பதிவாளர். நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர், ஒப்பந்த வேலை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் "சாரே" என்றுதான் கூப்பிடுவார்.

அந்த ஆய்வில் பெரிய தலைவலி, என்னையே நான் சரிபார்க்க வேண்டியதுதான். பத்துப் பிள்ளைகளில் ஒருவரை ஒரு வாரம் கழித்து மறுபடி பார்ப்பேன். முதலில் என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியக் கூடாது. இரண்டு முறையும் ஒரே மாதிரி சொன்னால்தான் என் கண்ணை நம்பலாம். இல்லாவிட்டால் அதுவரை பார்த்த அத்தனை வாயும் வீண். வளைவு வளைவாக மலையேறி இறங்கிக் களைத்துப்போன ஒரு நாள், வித்துராவில் டீக்கடை முன் நின்று அக்காவிடம், "ரெண்டு தாளும் ஒத்துப்போகணும் அக்கா. இல்லேன்னா எல்லாம் போச்சு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஒத்துப்போனது. இப்படியொரு பொருத்தத்தைத் தான் பார்த்ததே இல்லை என்று எங்கள் பேராசிரியர் மெச்சினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கழக்கூட்டத்து வாடகை ஃபிளாட்டில் தாள்களைப் புரட்டும்போது ஒரு சிறுமியின் பெயரில் கை நின்றது. மறுபரிசோதனை அன்று அவளுக்கு ஒரு பால் பல் விழுந்திருந்தது. ஓட்டையில் நாக்கை நுழைத்து நுழைத்துக் காட்டினாள்; நான் "பல் இல்லை" என்றேன். அன்றைய தாளிலோ அந்த இடத்தில் ஒன்று. விழுந்துபோன பல்லில் சொத்தை!

மறுநாள் கேட்டபோது அக்கா எதையும் ஒளிக்கவில்லை. "சாரே, நீங்க மொதல்ல ஒண்ணும்பீங்க, பெறவு அதே பல்லுக்குப் பூஜ்யம்பீங்க. ஒத்துப்போகணும்னு சொன்னீங்கல்லே? பழைய தாளைப் பாத்து நான் சரியாக்கி வச்சேன்." அதோடு, "உங்களுக்கு நல்ல க்ஷீணம் இருந்துச்சு, கேட்டோ" என்று என் களைப்பை மலையாளத்தில் சொன்னார்.

எத்தனை இடத்தில் திருத்தினார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் கண் எத்தனை முறை தவறியது என்பதும் தெரிந்திருக்கும். பதிவாளர் தன் இஷ்டத்துக்கு எண்களை மாற்றிவிட்டார் என்று மட்டும் பேராசிரியரிடம் சொன்னேன். டீக்கடை முன் நான் சொன்னதைச் சொல்லவில்லை. அக்காவை நிறுத்திவிட்டார்கள். போகும் அன்றும், "தாளெல்லாம் வரிசையா அடுக்கி வச்சிருக்கேன் சாரே" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். வேறொரு பதிவாளரோடு சரிபார்த்தபோது பொருத்தம் தேறவில்லை. புது ஆள் பழகவில்லை என்று அதற்கும் ஒரு காரணம் கிடைத்தது. மலையை மறுபடி முதலிலிருந்து ஏறினேன்.

இப்போது நானே பேராசிரியர். மறுபரிசோதனையில் பதிவாளர் கையில் பழைய தாள் இருக்கவே கூடாது என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறேன். ஏன் என்று கேட்பார்கள். முன்பு ஒரு பதிவாளர் எண்களைத் திருத்திவிட்டார் என்பேன். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, வெட்கமாகவும் இருக்கிறது. ஆனாலும் வேறு மாதிரி சொல்ல வாய் வருவதில்லை. இந்த ஆண்டு ஒரு மாணவி எழுந்து, "அவங்க திருத்துற அளவுக்கு மாத்தி மாத்திச் சொன்ன டாக்டர் யாரு சார்?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன்.