நகராத சைக்கிளுக்குச் சந்தா

சனிக்கிழமை காலைகளில் நான் சைக்கிள் ஓடப் போகும் இடத்தில் யாரும் ஓரடிகூட முன்னால் போவதில்லை. கண்ணாடிக் கதவு போட்ட கட்டடமொன்றின் பின்னறையில் இருபது சைக்கிள்கள் நிலத்தில் அசையாமல் நிற்கும். பின்சில்லு கிடையாது. அடியில் இரும்புத் துண்டு வைத்த சப்பாத்தைப் பெடலில் 'டக்' என்று மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். பிறகு விளக்கை அணைத்துவிட்டு நெஞ்சு அதிரப் பாட்டுப் போடுவார்கள். முன்னால் இருந்து ஓடும் பயிற்சியாளர் "பெர்க்! பெர்க்!" என்று கத்துவாள். மலை வருகிறதாம். குமிழைத் திருகிப் பெடலை இறுக்க வேண்டும். முதல் நாள் அவள் கத்தியபோது நான் நிமிர்ந்து பார்த்தேன். சுவர்தான் தெரிந்தது.

நான் சுவிஸில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். நின்றபடி ஈரத் துணி தூக்கும் வேலை. சீனி வருத்தம் ஏறியபோது, உடற்பயிற்சி செய்யத்தான் வேண்டும் என்றார் டொக்டர். நாள் முழுக்க நிற்கிறேனே என்றேன். "நிற்பது பயிற்சி இல்லை, களைப்பு" என்றார். கட்டட வேலையில் முதுகு அடிபட்டு வீட்டோடு இருக்கும் என் கணவர், வாசலில் நிற்கும் சைக்கிளை ஓடினால் என்ன என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். பனிக் காலத்தில் இங்கே தெரு கண்ணாடி மாதிரி வழுக்கும் என்று சொல்லிவிட்டு அந்தச் சைக்கிள் ஸ்டூடியோவில் சேர்ந்தேன். அது பாதி உண்மை.

அங்கே பக்கத்துச் சைக்கிளில் றூத் என்றொரு பெண்மணி இருப்பார். இரண்டாம் வாரம், "நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு இருபத்தாறு வருடமாக மனப்பாடமாக வைத்திருக்கும் பதிலைச் சொன்னேன். இலங்கை, வடக்கு, யாழ்ப்பாணம், ஓம், சண்டை நடந்த இடம்தான். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, பாலத்தடியில் பனி விழுந்து பாதை பூட்டியிருக்கிறதாம், நீங்கள் அந்தப் பக்கத்தாலா வந்தீர்கள் என்றுதான் கேட்டேன் என்றார். வெட்கமாகப் போய்விட்டது. பதில் தேவைப்படாத ஓரிடத்தில் வந்து சேர்ந்திருக்கிறேன் என்று பிறகுதான் உறைத்தது.

மானிப்பாயில் இருக்கிற என் தங்கச்சி வசந்திக்கு இந்த விஷயம் தெரிய வந்தது என் மகளால். நான் வேர்த்து விறுவிறுத்து மிதிப்பதைப் படம் பிடித்துச் சித்திக்கு அனுப்பிவிட்டாள். அன்றே வசந்தி போன் எடுத்தாள்.

"உது என்ன அக்கா, சைக்கிள் ஓடுறதுக்குக் காசு குடுக்கிறியோ?"

"மாசச் சந்தா" என்றேன்.

"ஓடாமல் இருக்கக் காசில்லாமல் நான் இஞ்சை ஓடிக்கொண்டிருக்கிறன்."

சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பிறகு இரண்டு மாதம் அவள் எடுக்கவில்லை. நான் எடுத்தாலும் வேலையென்று சொல்லி வைத்தாள். அவள் அரியாலையில் ஒரு தையல் நிலையத்துக்கு வேலைக்குப் போகிறவள். காலையும் பின்னேரமும் சைக்கிள்தான். முழங்கால் வீங்கியிருக்கிறது என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். நானும் களிம்பு வாங்கி அனுப்பியிருந்தேன். களிம்பு!

யூலையில் ஊருக்குப் போனேன். வசந்தி சிரித்தாள், சமைத்தாள், ஆனால் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அவளால் காலை மடக்க முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து தைத்து முடித்த சட்டைகளை அன்றைக்கே நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. நான் கொண்டுபோகிறேன் என்று பையை அவளுடைய சைக்கிள் கரியரில் கட்டினேன். அவள் தடுக்கவில்லை. "பார்த்துப் போ" என்று மட்டும் சொன்னாள்.

கால்களில் பலம் இருந்தது. மாதக்கணக்காக மலை ஏறிய கால்களல்லவா என்று எனக்குள் கொஞ்சம் பெருமைகூட. பட்டணத்தைத் தாண்டும்போது பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது. ஹாண்டில் ஆடியது. தெருவோர மணலுக்குள் இறங்கி, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தேன். மீன்பெட்டி கட்டிய சைக்கிளில் வந்த ஒருவர் நிறுத்தி என்னைத் தூக்கிவிட்டார்.

"வெளிநாடோ அம்மா?"

"எப்பிடித் தெரியும்?"

"காலைப் பெடலிலையே வைச்சுக்கொண்டு விழுந்தனீங்கள். எங்கடை சனமெண்டால் காலை ஊண்டும்."

சட்டைகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது சோளகக் காற்று எதிரே தள்ளியது. அதைக் குறைக்க ஒரு குமிழும் இல்லை. இந்தக் காற்றில் இவள் தினமும் வருகிறாள் என்று நினைத்தேன். பாதி வழியில் இறங்கி உருட்டிக்கொண்டு வந்தேன்.

முழங்கையில் இருந்த மண்ணை வசந்தி கழுவிவிட்டாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நானும் சிரித்தேன். பிறகு கேட்டாள்.

"உண்மையைச் சொல்லு அக்கா. அங்கை என்னத்துக்குப் போறனீ?"

"லைற்றை நூத்துவிடுவினம். பாட்டுச் சத்தத்திலை ஒருத்தருக்கும் ஒண்டும் கேளாது. அந்த முக்கால் மணித்தியாலம் ஒருத்தரும் என்னைக் கூப்பிட மாட்டினம். அழலாம். வேர்வை எண்டு நினைப்பினம்."

அவள் துணியைப் பிழிந்து மறுபடி என் முழங்கையைத் துடைத்தாள். அவள் எங்கே அழுகிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

"நான் அதை நிப்பாட்டிப்போட்டு உனக்கொரு ஸ்கூட்டி எடுத்துத் தாறன்" என்றேன்.

"ஸ்கூட்டியை எடுத்துத் தா. வேண்டாமெண்டு சொல்லமாட்டன்" என்றாள். "ஆனால் உதை நிப்பாட்டாதை. நிப்பாட்டினால் பிறகு என்னைத்தான் கோவிப்பாய்."

அவள் சொன்னபடியே செய்தேன். ஸ்கூட்டி வாங்கியாயிற்று. அதற்காக ஞாயிற்றுக்கிழமையும் சலவைக்குப் போகிறேன். முதுகு முன்னைவிட நோகிறது. ஸ்டூடியோவையும் விடவில்லை. இங்கிருக்கிற எங்கள் பெண்கள், சேரலாமா, காசுக்குத் தகுமா என்று என்னிடம் கேட்கிறார்கள். சீனி கொஞ்சம் இறங்கியது உண்மை. உடம்புக்கு மட்டும் என்றால், கோடையில் ஆற்றங்கரையோரம் வேகமாக நடந்தாலே போதும், சந்தா வீண் என்றுதான் சொல்கிறேன். வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை இருக்கிறவர்களுக்கும் அது வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

போன சனிக்கிழமை வகுப்பு முடிந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். தலைமயிர் காயவில்லை. பனி தூறிக்கொண்டிருந்தது. வசந்தியின் குரல் தகவல் வந்தது. அங்கே பின்னேரம். கேற் திறக்கும் சத்தம், நாய் குரைக்கும் சத்தம், பிறகு அவள் குரல்.

"அக்கா, வீட்டை வந்திட்டன். இண்டைக்குக் கால் நோகேல்லை. நீ வீட்டை போய்ச் சேந்திட்டியோ?"

"ஓம், வந்திட்டன்" என்று எழுதி அனுப்பினேன். பஸ் வருவதற்கு இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது.