படத்தில் மாறிய முடிவு

பட்டிமன்ற மேடை ஏறினால் எதிரணியின் வாயை அடைத்துவிட்டுத்தான் இறங்குவேன் என்று கல்லூரியில் எனக்கொரு பெயர் இருந்தது. அந்தப் பெயருக்கு ஆமத்தூரில் எங்கள் வீட்டு முற்றத்திலேயே ஒரு வேலை வந்து சேர்ந்தது.

கணவனின் அடி பொறுக்கமாட்டாமல் அக்கா, வாழப்போன மல்லாங்கிணற்றிலிருந்து திரும்பி வந்திருந்தாள். பகலில் தெருப் பெண்கள் எங்கள் முற்றத்தில் கூடித் தீப்பெட்டி ஒட்டுவார்கள். அக்கா ஒட்டுவதில்லை, வாரப் பத்திரிகைத் தொடர்கதையை உரக்க வாசிப்பாள். வாசிப்பவளின் பங்கையும் மற்றவர்கள் ஒட்டிக் கொடுப்பது அந்த முற்றத்தின் வழக்கம்.

அப்படி அவள் வாசித்து முடித்த கதையொன்று படமாகி விருதுநகருக்கு வந்தது. கதையில், கணவன் துரத்திய பெண் தையல் வேலை செய்து பிழைக்கிறாள். அவன் வந்து அழைத்தும் கதவைத் திறப்பதில்லை. படத்திலோ திறந்தாள். திறந்ததோடு நில்லாமல் அவன் காலைக் கண்ணீரால் கழுவினாள். கொட்டகையில் பெண்கள் பகுதி முழுவதும் விம்மியது, அம்மாவும் விம்மினாள். அக்கா மட்டும் முந்தானையைத் தொடவில்லை.

வீடு திரும்பியதும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, ஊருக்கெல்லாம் பேசுதே. இவளுக்கு நாலு வார்த்தை சொல்லு. ஞாயித்துக்கிழமை மாமனார் கூப்பிட வாராக."

"கதையில அவ போகலையேம்மா."

"கதை காகிதத்துல கிடக்கு. படத்துல கண்ணால பாத்தோம்ல?"

பேச்சைத் தயாரித்தேன், அக்காவுக்காக, அவள் மாமனாரை நோக்கி. முன்னுரையும் முடிவுரையும் மனப்பாடமாயின.

அவர் வந்தார். கடுமையானவர் அல்லர், துண்டை உதறியபடி கூச்சத்தோடு நின்றார்.

"நானும் அந்தப் படம் பாத்தேன். அதுல அந்தப் பிள்ளை திரும்பிப் போயிருச்சுல்ல? நம்ம பிள்ளையையும் அனுப்பி வைங்க."

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள், பசைக் கிண்ணத்திலிருந்து தலை நிமிராமலே எதிர்வீட்டுச் சித்தி பேசினாள்.

"அனுப்பலாம் அண்ணாச்சி. ஆனா எங்களுக்கு யாரு வாசிப்பா? புதுத் தொடர்கதை இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு."

"அது எப்பத் தாயி முடியும்?"

"எழுதுறவுகளைத்தான் கேக்கணும்."

"முடிஞ்சாலும் மறுவாரமே இன்னொண்ணு போட்டுருவாக," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

முற்றம் சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப நடக்கட்டும்," என்று சொல்லி, ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுத் தனியாகவே பஸ்ஸுக்கு நடந்தார். என் முன்னுரை தொண்டையிலேயே தங்கிப்போனது.

அக்கா விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து வாசிக்கத் தொடங்கினாள். அம்மா சற்று நேரம் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து உட்கார்ந்து, அக்காவின் பங்குப் பெட்டிகளைத் தன் பக்கம் இழுத்துப் பசை தடவ ஆரம்பித்தாள்.