ரோட்டுத் திருப்பத்துக்கு ஒரு கேமரா

எங்கள் காடு ஏரி ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. வாசலூர்பட்டியில் படகு ஓட்டிவிட்டுத் திரும்புகிற கார்களுக்கு அந்தத் திருப்பம் வந்ததும் என்னவோ ஆகிவிடும். வண்டியை ஓரங்கட்டி, பாட்டை அலறவிட்டு, பள்ளத்தைப் பார்த்தபடி நின்று குடிப்பார்கள். குடித்து முடித்ததும் பாட்டிலை யார் தூரமாக எறிவது என்று போட்டி. அவர்கள் பள்ளம் என்று நினைப்பது எங்கள் ராகிக் காட்டை.

பயிர் நிற்கிற மண்ணில் எங்கள் பக்கம் யாரும் செருப்போடு இறங்க மாட்டார்கள். வெறுங்காலோடு குத்தவைத்து உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்துதான் களை எடுப்போம். கூலி கிடையாது. ஆறு பெண்கள் சேர்ந்து இன்றைக்கு ஒருத்தி காட்டில், நாளைக்கு இன்னொருத்தி காட்டில் என்று முறை வைத்துச் செய்வோம். அந்த வருஷம் என் காட்டில் முதல் களை எடுத்த அன்றே இரண்டு பேருக்கு ரத்தம் வந்துவிட்டது. ஒருத்திக்கு உள்ளங்கால். அடுத்த திருப்பத்துக்குக் கீழே காடு வைத்திருக்கிற அக்காவுக்குக் கைக் கட்டை விரல்.

அந்த அக்கா விரலை வாயில் வைத்து உறிஞ்சித் துப்பிவிட்டுச் சொன்னார்: "உன் காட்டுல ராகியவிட கண்ணாடிதான் நல்லா வெளைஞ்சிருக்குது. இதுக்கு ஒரு வழி பண்ணு புள்ள. பண்ணாட்டி ரெண்டாங் களைக்கு ஒருத்தியும் எறங்க மாட்டோம்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் சொன்னபடி செய்வார் என்று எனக்குத் தெரிந்தது. ரெண்டாம் களைக்கு இருபது நாள்தான் இருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் எடுத்தால் ஒரு மூலையை முடிப்பதற்குள் மறு மூலையில் புல் பயிரை மூடிவிடும்.

பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த சார் மலைக்குக் கீழேயிருந்து வேலைக்கு வந்தவர். மரியாதையானவர்தான்; உட்காரச் சொன்னார்.

"ஏம்மா, சும்மா குடிக்கிறாங்க, எறியறாங்கன்னா நான் யாரைப் பிடிக்கிறது? வண்டி நம்பர் தெரியணும். ஆள் மூஞ்சி தெரியணும். கையிலிருந்து பாட்டில் போறது தெரியணும். மூணும் ஒரே வீடியோவுல கொண்டு வாங்க, அபராதம் போட மேல அனுப்பறேன்."

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். யாராவது மூன்று விஷயம் சொன்னால் மூன்றாவது மறந்துபோய்விடும் என்று பயம். வழியெல்லாம் நம்பர், மூஞ்சி, கை என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

முதலில் போனில்தான் எடுக்கப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான்கு பேர் ஒரு வெள்ளைக் காரில் வந்தார்கள். மரத்துக்குப் பின்னால் நின்று போனை நீட்டினேன். ஒருவன் பார்த்துவிட்டான். ஓடுவான் என்று நினைத்தேன். அவன் சிரித்தான்.

"டேய், அக்கா நம்மள வீடியோ எடுக்குதுடா! அக்கா, நல்லா எடுங்க, போஸ் குடுக்கறோம்."

பாட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினான். இன்னொருவன் தன் போனை என் பக்கம் திருப்பி, என் கால் முதல் தலை வரைக்கும் மெதுவாக எடுத்தான். "மலை ராணி" என்று எதையோ சொல்லிச் சிரித்தார்கள். பிறகு எனக்கு முன்னாலேயே, என்னைப் பார்த்துக்கொண்டே, பாட்டிலை எங்கள் காட்டுக்குள் வீசினார்கள். முதலில் ஒருவன் சிரித்ததுமே நான் போனைத் தாழ்த்திவிட்டிருந்தேன்; வீடியோவில் நம்பரும் இல்லை, மூஞ்சியும் இல்லை. சிரிப்புச் சத்தம் மட்டும் நன்றாகப் பதிந்திருந்தது. அவன் போனில் நான் எப்படி இருந்தேனோ, அதை யார் யார் பார்த்தார்களோ. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பைக் கழுவிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஆள் இல்லாமல் தானாக எடுக்கிற சின்னக் கேமரா வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி உட்கார்ந்து விலை குறைந்ததாக மூன்று ஆர்டர் போட்டேன். பிடிக்காவிட்டால் ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று போட்டிருந்தது. கொரியர்காரர் மலைக்கு மேலே வரமாட்டேன் என்றார். பஸ் பிடித்து அத்தனை வளைவும் இறங்கி, காளப்பநாயக்கன்பட்டியில் போய் வாங்கிக்கொண்டு வந்தேன். திருப்பி அனுப்பினால் திட்டுவார்களோ, பேங்கிலிருந்து தானாகப் பணம் போய்விடுமோ என்று ஏறும்போது முழுக்க யோசனை. அதோடு பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலைத் திறக்காமலே வாந்தி எடுத்தார். டப்பாக்களை மடியில் அணைத்துக்கொண்டு வந்தேன்.

கேமராவைச் சோதிக்க எனக்கு ஒரு வழி தோன்றியது. எங்கள் திருப்பத்தில் காலையில் திரும்புகிற டவுன் பஸ்ஸின் நம்பர் எனக்கு மனப்பாடம். அந்த நம்பரைப் படிக்க முடிகிற கேமரா தேறியது. முடியாதது தேறவில்லை. டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

முதல் கேமரா சட்டைப் பொத்தான் அளவுதான் இருந்தது. டப்பாவில் தங்க எழுத்தில் ஃபுல் ஹெச்.டி. என்று போட்டிருந்தார்கள். பஸ் வந்தது, எடுத்தது, போனில் போட்டுப் பார்த்தேன். கஞ்சித் தண்ணிக்குள் பஸ் போகிற மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இது பஸ்ஸா, எருமையா?"

"பஸ்ஸுதானுங்க."

"நம்பர் எங்க?"

"அந்த மஞ்சளா இருக்குதில்லீங்க, அங்க."

"ஏம் புள்ள, அது போர்டு இல்ல. ஜன்னலோரம் உக்காந்திருக்கற அம்மாவோட முந்தானை."

சின்னப் படமாக எடுத்து அதைப் பெரிதாக இழுத்து, ஹெச்.டி. என்று பெயர் வைக்கிறார்கள். ரப்பர் பலூனில் எழுதின எழுத்து ஊதினதும் எப்படி ஆகுமோ அப்படி. இதை ஒருவன் உட்கார்ந்து யோசித்து, அச்சடித்து, விற்கிறான். பாட்டில் எறிகிறவன் மேல் எனக்கு இருந்த அருவருப்பில் பாதி இவன் மேலும் வந்தது. அதைத் திருப்பி அனுப்பப் பெட்டியில் போட்டேன்.

இரண்டாவது தீப்பெட்டி அளவு. பஸ் நம்பரைப் பளிச்சென்று காட்டியது. எனக்கு ஒரே சந்தோஷம். ரோட்டோர சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி அடர்த்தியாக ஏறியிருக்கும். அதற்குள் ஒளித்துக் கட்டினேன். காலையில் மாட்டுவது, சாயங்காலம் கழற்றுவது என்று மூன்று நாள் ஓடவிட்டேன். பார்த்தால் மூன்று நாளும் ஒரு மிளகு இலை. அந்தக் கேமரா எது கிட்டத்தில் ஆடுகிறதோ அதைத்தான் தேடிப்போய்த் தெளிவாக எடுக்குமாம். இலையின் நரம்பு தெரிந்தது. அதில் ஓடின எறும்பின் காலை எண்ணலாம். எறும்புக்குப் பின்னால் வெள்ளையாக ஒன்று வந்து நின்றது, கறுப்பாக நாலு அசைந்தது, 'டணார்' என்று சத்தம். எங்கள் காட்டில் விழுந்த பாட்டிலின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தானாக ஃபோகஸ் செய்யும் என்று பெருமையாகப் போட்டிருந்தால் அதை வாங்காதீர்கள். மறைத்து வைக்கிற வேலைக்கு ஆகாது.

மூன்றாவது ஹெல்மெட்டில் மாட்டுகிற வகை. மழைக்கும் பனிக்கும் தாங்கியது, அது உண்மை. ஆனால் மொத்த மலையையும் ஒரே படத்தில் அடக்கிக் காட்டியது. வளைந்த ரோடு நேராகிவிட்டது; நேரான மரம் வளைந்துவிட்டது. கார் எள்ளு மாதிரி. நாற்பது நிமிஷத்தில் பேட்டரி தீர்ந்துவிடும். நான் போய் மாற்றி மாற்றிப் போட்டு இரண்டு நாள் எடுத்தேன்.

அந்த இரண்டு நாள் வீடியோவைப் பார்த்ததுதான் என் வாழ்க்கையிலேயே கேவலமான வேலை. நம்பர் தெரியாவிட்டாலும் மரத்துக்குக் கிட்டே வந்தவர்கள் செய்ததெல்லாம் தெரிந்தது. நல்ல புடவை கட்டின ஒரு அம்மா, குழந்தைக்குத் துணி மாற்றிவிட்டு, மலம் சுருட்டின பொட்டலத்தை எங்கள் காட்டுக்குள் விசிறிவிட்டு, கையை எங்கள் மிளகு இலையில் துடைத்தார். ஒரு பெரியவர் கேமராவுக்கு நேராக நின்று ஒன்றுக்குப் போனார். போகும்போது மலையைப் பார்த்து, "என்ன காத்து, என்ன காத்து!" என்றார். இதையெல்லாம் நான் ஓட்டி, நிறுத்தி, திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. பக்கத்தில் தட்டில் இருந்த களி ஆறிப்போய்விட்டது. யாராவது வந்து, 'என்ன பார்க்கிறாய்' என்று கேட்டால் என்ன சொல்வேன்? வயசான மனிதர் ஒன்றுக்குப் போவதை உற்றுப் பார்க்கிற பொம்பளை ஆகிவிட்டேனே என்று எனக்கு என் மேலேயே குமட்டியது.

மூன்றையும் திருப்பி அனுப்பினேன். பன்னிரண்டு நாள் போய்விட்டது.

எங்கள் குச்சிக்கிழங்கை ஏற்றிக்கொண்டு போகிற லாரி டிரைவர்தான் வழி சொன்னார். அவர் வண்டியில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்னக் கேமரா ஒட்டியிருந்தது.

"அக்கா, இது முன்னாடி போற வண்டி நம்பரப் புடிக்கறதுக்குன்னே செஞ்சது. ஃபோகஸ் கீகஸ் ஒண்ணும் இல்ல. கரண்டு குடுத்தா எடுக்கும், புடுங்குனா நிக்கும். எங்க மொதலாளி மாதிரி தகராறெல்லாம் பண்ணாது."

அடுத்த நடையில் அவரே நாமக்கல்லிலிருந்து ஒன்று வாங்கி வந்தார். மூன்றைவிடவும் விலை குறைவு. போன் சார்ஜ் போடுகிற பவர் பேங்கை மாட்டினால் அரை நாள் ஓடியது. டவுன் பஸ் நம்பர் மட்டுமில்லை, பஸ் பின்னால் ஒட்டியிருந்த துணிக்கடை விளம்பரமே படிக்க முடிந்தது. இலை இல்லாத கிளையாகப் பார்த்து, காய்ந்த பட்டையோடு சேர்த்துக் கட்டினேன்.

பதினாறாம் நாள் மூன்றும் விழுந்தது. சாம்பல் நிறக் கார். நம்பர் தெரிந்தது. கண்ணாடி போட்ட ஒருவனின் மூஞ்சி தெரிந்தது. கை பின்னால் போனது, முன்னால் வந்தது, பாட்டில் பறந்தது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. என்ன பிழைப்பு பாருங்கள், ஒருவன் என் காட்டில் பாட்டில் எறிந்ததற்கு ஆனந்தக் கண்ணீர்.

சார் இரண்டு தரம் பார்த்தார். "அருமையா இருக்கும்மா" என்றார். பிறகு படத்தின் கீழ் மூலையில் விரலை வைத்தார்.

"இது என்ன தேதி?"

ஜனவரி ஒன்று என்று இருந்தது. வருஷம், என் வீட்டில் கரண்டு, போன் எதுவும் சரியாக இல்லாத ஏதோ பழைய வருஷம். பவர் பேங்க் தீர்ந்து கேமரா அணைந்தால் அதன் கடிகாரம் பிறந்த நாளுக்கே திரும்பிவிடுகிறது. ஒவ்வொரு தரமும் தேதி வைக்க வேண்டும். அந்த மெனு இங்கிலீஷில் இருந்தது. எதையாவது அமுக்கிக் கெடுத்துவிடுவேனோ என்று பயந்து நான் அதைத் தொடவே இல்லை.

"அவன் வக்கீல் வெச்சா, இந்த வண்டி அன்னிக்கு எங்கிட்டயே இல்லைம்பான். தேதியைச் சரி பண்ணி இன்னொண்ணு எடுத்துட்டு வாங்களேன்" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "இது எந்தக் கடைல வாங்குனீங்க? எங்க ஊர்ல பக்கத்து வீட்டுக்காரன் குப்பைய எங்க வாசல்ல கொட்டறான்" என்றார்.

கடைப் பெயரைச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இன்னொருவன் வந்து இன்னொரு பாட்டிலை எறிய வேண்டும், நான் அதற்காகக் காத்திருக்க வேண்டும். எனக்கு வெறுத்துவிட்டது. நேராகத் திருப்பத்துக்குப் போய், பட்டையைப் பிய்த்து எறிந்து, கேமராவை ரோட்டைப் பார்த்து, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மரத்தில் கட்டினேன். சிவப்பு லைட் மினுக்மினுக்கென்று எரிந்தது. பவர் பேங்க் இருந்தால் போதும், எடுக்கிறதா இல்லையா என்று நான் பார்க்கக்கூட இல்லை.

கார்கள் வந்தன. ஓரங்கட்டின. யாரோ ஒருவர் மரத்தைக் கை காட்டினார். கிளம்பிப் போய்விட்டன. நான்கு நாளில் ஒரு பாட்டில்கூட விழவில்லை. தேறின கேமரா, தேறாத கேமரா என்று நான் பட்ட பாடெல்லாம் எதற்கு? எறிகிறவனுக்கு அது தன்னைப் பார்க்கிற மாதிரி இருந்தால் போதும்.

நானும் என் வீட்டுக்காரரும் காட்டில் இருந்த கண்ணாடியையெல்லாம் பொறுக்கி மூட்டை கட்டினோம். சொன்ன நாளில் ஐந்து பெண்களும் வந்தார்கள். வெறுங்காலோடு இறங்கினார்கள். பாதிக் காடு முடிந்திருக்கும், கீழே அடுத்த திருப்பத்திலிருந்து பாட்டுச் சத்தம். கார் கதவு சாத்துகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் 'டணார்'.

எல்லோரும் தலையைத் தூக்கினோம். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அந்தத் திருப்பத்துக்குக் கீழே காடு வைத்திருக்கிற அக்கா மட்டும் களைக்கொத்தைக் கீழே வைத்தார்.

"நாலு நாளாச் சத்தம் கேக்குது புள்ள. உன் ஊட்டு விருந்தாளியெல்லாம் இப்ப எங்க ஊட்டுக்குத்தான் வாராங்க."

ஒருத்தி சிரித்துவிட்டாள். அக்காவும் கொஞ்சம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எந்தக் குப்பையையும் நிறுத்தவில்லை. கையால் தள்ளி அடுத்தவள் வாசலில் விட்டிருந்தேன். ரோட்டில் நின்று எறிந்தவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று தேடினேன். அவர்கள் குடித்திருந்தார்கள், நான் குடிக்கவில்லை.

"அக்கா, நாளைக்கு உங்க காடுதானே முறை?" என்று கேட்டேன்.

"எங்க காடுதான். வருவியா?"

மறுநாள் விடிந்ததும் மரத்திலிருந்து கேமராவை அவிழ்த்தேன். அவிழ்க்கும்போதே என் திருப்பத்தில் அன்றைக்கு எத்தனை பேர் நிற்பார்களோ என்று மனசு கணக்குப் போட்டது. அதை அடுத்த திருப்பத்து மரத்தில் கட்டிவிட்டு, செருப்பை மேலேயே விட்டுவிட்டு அக்கா காட்டுக்குள் இறங்கினேன். மற்றவர்கள் வருவதற்கு முன் கண்ணாடியைப் பொறுக்க வேண்டியிருந்தது. முதல் துண்டு பச்சை. அதில் யாரோ கடித்துத் துப்பின ஊறுகாய் ஒட்டியிருந்தது. விரலால் எடுத்துச் சாக்கில் போட்டேன்.