வாசலிலிருந்து மறுபடியும்

"வெளியே போங்க. போயிட்டு, வாசல்லேருந்து மறுபடியும் வாங்க."

மின்விசிறியை ரிப்பேர் பார்க்க வந்தவர் ஏணியும் கையுமாக விழித்தார். அவர் செய்த குற்றம், நுழைந்ததும் நுழையாததுமாக "இது தேறாதுங்க, மாத்தணும்" என்று சொன்னதுதான். ஏணியோடு வெளியே போனார், திரும்பி வந்தார். விசிறியை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். "நல்லா உழைச்சிருக்குங்க, பாவம்" என்றார். "பாத்தீங்களா, இப்பதான் இது சேதி!" என்று கைதட்டினார் நாடகத் துறைப் பேராசிரியை. விசிறி அப்போதும் ஓடவில்லை என்பது வேறு விஷயம்.

கல்லூரியில் அவருக்கு 'மறுபடி மேடம்' என்று பெயர். அது அவருக்கும் தெரியும், லட்சியம் செய்வதில்லை. முதல்வரே இரண்டு தடவை நுழைந்து பழகியவர். கணினித் துறைக்காரனான நான் எத்தனை தடவை நுழைந்திருப்பேன் என்று கேட்காதீர்கள். "கல்யாணம் ஆனதுலேருந்து சொந்த வீட்டுக்குள்ள ஒரே தடவையில நுழைஞ்சதில்ல சார்" என்பார் அவருடைய வீட்டுக்காரர். பல் டாக்டர். பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் என்ன சொல்ல வேண்டும் என்று மனைவியிடம் ஒத்திகை பார்த்துவிட்டுப் போகிறாராம். அவர் கிளினிக்கில் கூட்டம் அள்ளுகிறது.

மேடத்தின் ஒத்திகை அறைக்கு நடுவில் ஒரு கதவு நிற்கும். கதவும் நிலையும் மட்டும்தான், இரண்டு பக்கமும் சுவர் கிடையாது. சுற்றிக்கொண்டு போக எவ்வளவு இடம் இருந்தாலும் அதைத் திறந்து, நுழைந்து, சாத்த வேண்டும். பக்கத்தில் ஒரு மேஜை, ஒரே ஒரு நாற்காலி. அந்த நாற்காலிக்கும் ஒரு சட்டம் உண்டு. "நல்ல சேதிய நின்னுக்கிட்டே சொல்லிடலாம். கெட்ட சேதின்னா, சொல்ல வந்தவங்க முதல்ல உட்காரணும். நின்னுக்கிட்டுச் சொன்னா, எப்படா ஓடலாம்னு நிக்கற மாதிரி இருக்கும்."

இந்த ஆளிடம்தான் நான் மாட்டிக்கொண்டேன். நாடகம், தத்துவம், வரலாறு படித்தவர்கள் தலைமையேற்றுச் செயற்கை நுண்ணறிவை வடிவமைக்க ஆராய்ச்சி நிதி தரப்போவதாக ஓர் அறிவிப்பு வந்தது. எங்கள் துறையில் எல்லோரும் சிரித்தோம். மேடம் சிரிக்கவில்லை. என் அறைக்குள் நுழைந்தார். தான் நுழைந்த விதம் தனக்கே பிடிக்காமல் வெளியே போய் மறுபடி நுழைந்தார். "ஆஸ்பத்திரிக்கு போன் பண்றவங்களுக்கு பதில் சொல்ல ஒரு மெஷின் வேணும். நான் சொல்றபடி நீங்க செய்யணும்" என்றார்.

"அதுதான் ஏற்கெனவே இருக்கே மேடம்."

"இருக்கு. ஆள் போயிட்டார்னு சொல்றதுக்கும் கேன்டீன் மூடியாச்சுன்னு சொல்றதுக்கும் ஒரே குரல் வச்சிருக்கு. அது உங்களுக்குத் தப்பாவே தெரியலயா?"

சத்தியமாக அதுவரை தெரியவில்லை.

இதில் இன்னொரு சங்கடம் இருந்தது. நிதி கிடைக்காவிட்டால் ஒத்திகை அறையை எங்கள் துறையின் சர்வர்களுக்குக் கொடுத்துவிடுவதாக முதல்வர் முடிவு செய்திருந்தார். அங்கே எங்கே ஏசி மாட்டலாம் என்று டேப் பிடித்து அளந்தவனே நான்தான். அளந்த கையாலேயே மேடத்துக்கு மெஷினும் செய்தேன். என் பிழைப்பு அப்படி.

அவருடைய மாணவர்கள் ஜோடி ஜோடியாக அந்தக் கதவு வழியே வந்து சேதி சொல்லிக் காட்ட, நான் பதிவு செய்து மெஷினுக்குப் பயிற்சி கொடுத்தேன். "இந்த இடத்துல ஒரு மூச்சு விடணும்" என்பார் மேடம். "எத்தனை மில்லி செகண்ட் மேடம்?" என்பேன். "எதிராளி தயாராகற வரைக்கும்." "அதை நான் எப்படி எழுதறது?" "அது உங்க பாடு."

நிதிக்குழு நேரில் பார்க்க வந்தது. குழுத் தலைவர் புள்ளியியல்காரர், பேச்சிலும் தசமப் புள்ளி வைப்பவர். ஒத்திகை அறை நாற்காலியில் அமர்ந்து போனை எடுத்தார். "என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்துடுச்சா?" என்று கேட்டார்.

மெஷின் ஒரு மூச்சு விட்டது. "உட்கார்ந்திருக்கீங்களா?" என்றது, பஞ்சு மாதிரி ஒரு குரலில்.

தலைவர் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். "ஏன்? என்ன ஆச்சு?"

இன்னொரு மூச்சு. "கூட யாராவது இருக்காங்களா?"

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. குழுவில் இருந்த ஓர் அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். அதற்குப் பிறகுதான் மெஷின் சொன்னது: "ரிப்போர்ட் ரெடி. ரெண்டாம் நம்பர் கவுன்ட்டர்ல வாங்கிக்கலாம்."

எனக்கு அங்கேயே கரைந்து போய்விடலாம் போலிருந்தது. என்ன நடந்தது என்று அப்போதுதான் உறைத்தது. நாடக மாணவர்களிடம் எந்தச் சேதியை வேண்டுமானாலும் சொல்லிக் காட்டலாம் என்று விட்டால், அத்தனை பேரும் சாவுச் சேதியைத்தான் எடுப்பார்கள். கேன்டீன் மூடியதை நடிக்க ஒரு பிள்ளையும் முன்வரவில்லை. மெஷின் கற்றதெல்லாம் துக்கம்தான்.

மேடம் மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், தலைவர் முன்னால் போய் நின்றார். "பயந்துட்டீங்களா சார்?"

"பின்னே?" என்று நெற்றியைத் துடைத்தார் அவர்.

"அது ஒரு பொய்கூடச் சொல்லல. தப்பான விவரம் ஒண்ணும் குடுக்கல. இவர் கணக்குல அதுக்கு நூத்துக்கு நூறு" என்று என்னைக் காட்டினார். "ஆனா ரெண்டே மூச்சுல உங்கள ஆட்டி வச்சிடுச்சு. இதைப் பாக்க எங்கள மாதிரி ஆளுங்க வேணாமா? என் மேலயும் தப்பு இருக்கு. கெட்ட சேதி சொல்லக் கத்துக் குடுத்தேன், சாதாரண சேதி சொல்லக் கத்துக் குடுக்கல. அதுக்குத்தான் நிதி கேக்கறேன்."

"பரிசீலிச்சுச் சொல்றோம்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுத் தலைவர் நடந்தார். "சார், அதை வாசல்லேருந்து மறுபடி..." என்று மேடம் ஆரம்பிக்க, நான் அவர் காலை மிதித்தேன். அவரா அடங்குவார்? "நேர்ல வந்து சொல்லுங்க சார்! நல்லதுன்னா நின்னுக்கிட்டு, கெட்டதுன்னா உட்கார்ந்து! போன்ல மட்டும் வேணாம்!" என்று படிக்கட்டு வரை கத்தினார்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் வாசலுக்கு அனுப்பவில்லை. கல்லூரியே கவலைப்பட்டது. ஒரே தடவையில் நுழைந்துவிட்ட முதல்வருக்குக்கூட என்னவோ போலிருந்ததாம். "ரூம் போச்சுன்னா இந்தக் கதவை எங்க கொண்டுபோய் வைப்பேன்? எங்க வீட்ல ஏற்கெனவே கதவு இருக்கு" என்றார் மேடம் என்னிடம். சிரித்தேன். அவர் குரல் உடைந்திருந்ததைக் கவனித்ததும் என் சிரிப்பு போய்விட்டது. டேப் பிடித்தவன் நானல்லவா!

பிறகு ஒரு நாள் நிஜமாகவே தலைவர் வந்தார். அறைக்குள் நுழைந்து வாயைத் திறந்தவர் சட்டென்று மூடிக்கொண்டார். வெளியே போனார். மறுபடி வந்தார். சுவரில்லாத கதவையும் திறந்து, நுழைந்து, பதவிசாகச் சாத்தினார். படியேறிய களைப்பில் அவர் கண் நாற்காலியைத் தேடியது.

உட்காரச் சொல்லிக் கொடுத்த அதே மேடம், முகத்தில் சிரிப்பு மாறாமல், நாற்காலியைக் காலாலேயே மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டார்.

தலைவர் அதைப் பார்த்துவிட்டார். "பரவால்லம்மா. இது நின்னுக்கிட்டே சொல்ற சேதிதான். நிதி உங்களுக்குத்தான்."

மேடம் தள்ளிய நாற்காலியை இழுத்துப் போட்டு, அதில் தொப்பென்று உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே, தலைவரைப் பார்த்து அந்தக் கதவுப் பக்கம் விரலை நீட்டினார்.